லைன் இல்லட்டி

எங்க ஊர்ப் பக்கம் யாரப் பாத்து ‘சொகமா?’ன்னு கேட்டாலும் ‘சொகம்’னுதான் பதில் வரும். முட்டுல கட்டுப் போட்டு நொண்டிட்டு வாறவன்கூட ‘சொகந்தான் மக்கா’ம்பான். கேக்கவனுக்கும் அது பொய்னு தெரியும், சொல்லுதவனுக்கும் தெரியும், ரெண்டு பேரும் சிரிச்சிட்டுப் போயிருவாவ. எங்க மைனிகிட்ட மட்டும் அந்தக் கேள்விய அப்படிச் சும்மா கேட்டிரப்பிடாது. கேட்டா நிப்பா. கொஞ்சம் யோசிப்பா. பெறகு உள்ளதச் சொல்லுவா.

“இன்னைக்கு லைன் இல்லட்டி. நாளைக்கு வா.”

வாசல்ல நின்னு இதச் சொல்லுவா. என்மேல கோவம் எல்லாம் கிடையாது. நான் கொண்டு போன கொழுக்கட்டைய மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு கதவச் சாத்திருவா. பாத்திரம் மறுநாள் கழுவி வரும்.

மைனின்னா என் அண்ணன் பெஞ்சாதி. நெய்யூருக்குப் பக்கத்துல எங்க ரெண்டு வீடும் ஒரே காம்பவுண்டு. எனக்கு வீட்டோட தையல் வேலை. மிஷின எங்க போட்டா மைனி வீட்டு வாசல் நடை தெரியுமோ அங்கதான் போட்டிருந்தேன். எனக்கு வாயும் கூடுதல், கண்ணும் கூடுதல். அதனால மைனியப் பத்தி நான் சொன்னா அது கேள்விப்பட்ட கதை இல்ல, பாத்த கதையாக்கும்.

மைனிக்கு நாகர்கோவில்ல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை. டிரங்க் கால் போட்டுக் குடுக்கணும். காதுல ஹெட்போன மாட்டி மாட்டி உச்சந்தலையில முடி ஒரு கோடா அமுங்கிக் கெடக்கும். சவுதியிலயும் குவைத்துலயும் இருந்த மாப்பிளைமாருட்ட பேசணும்னா அந்தக் காலத்துல லேசுப்பட்ட காரியமா? பொம்பளைக கைப்பிள்ளையத் தூக்கிட்டு வந்து ஆபீஸ் பெஞ்சுல காத்துக் கெடப்பாளுவ. மத்த ஆபரேட்டர்மாரு ‘இந்தா வருது, இப்ப வருது’ன்னு சொல்லுவாவளாம். மைனி மட்டும், ‘லைன் இல்ல, வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு சாயந்தரம் வாருங்க’ன்னுருவாளாம்.

“அவளுக மூஞ்சியப் பாத்து அப்படி வெட்டுன மாதிரி சொல்லலாமா மைனி?”ன்னு நான் ஒரு தடவ கேட்டேன்.

“இல்லாத லைன இருக்குன்னு சொன்னா அவ அங்கயே கெடந்து காயுவா. உள்ளதச் சொன்னா என்மேல ஒரு கோவம், அதோட போச்சு” அப்படின்னா.

பெறகு எல்லாரு கையிலயும் செல்போன் வந்துட்டு. மைனியும் ரிட்டயர்டு ஆகி வீட்டுக்கு வந்துட்டா. மகன் துபாயில. அண்ணன் இருந்தது வரைக்கும் ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டாவது பொழுத ஓட்டுனாவ. அண்ணனும் போன பெறகு மைனிக்குன்னு மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். ஞாயித்துக்கெழம எங்க சர்ச்சு சபையில பைபிள் பாடம் வாசிக்கது. மாசம் ஒரு தடவ மைனி முறை வரும். அவ மைக்கு முன்னால வந்து நின்னா கைப்பிள்ளகூட அழுகைய நிறுத்திரும், உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா எங்க சபையில யாருட்டயும் கேட்டுப் பாருங்க. வாயில நுழையாத பழைய பேரெல்லாம் அவ நாக்குல வழுக்காமப் போகும். அந்த வாரம் பூரா அவளுக்கு நடையே வேற மாதிரி இருக்கும்.

அண்ணன் செத்தப்ப மைனி அழல. வந்தவங்களுக்கு நாற்காலி போடச் சொன்னா, கட்டஞ்சாயா கொடுக்கச் சொன்னா. ‘கல்லு நெஞ்சுக்காரி’ன்னு நாலு பேரு மொணங்குனதும் எனக்குக் கேட்டுது. வருசம் ஒண்ணு முடிஞ்சு, எல்லாரும் மறந்த பெறகுதான் அவளுக்கு ஆரம்பிச்சுது.

ஒரு நாள் வெளுப்பாங்காலத்தே எழும்பி முத்தம் தூத்துப் பெருக்கி, மீன்காரியோட பேரம் பேசி, பாட்டுப் பாடி நிப்பா. மறுநாள் பத்து மணி ஆனாலும் கதவு தெறக்காது. நான் போய்ப் பாத்தா செவரப் பாத்துத் திரும்பிக் கெடப்பா. அதுக்கும் மறுநாள் தேங்கா பறிக்க வந்தவன், கொலையக் கயிறு கட்டி எறக்காம தொப்புன்னு போட்டான்னு தெருவே கூடுத மாதிரி சத்தம். சத்தம் போட்டு முடிச்சு அவளே படியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுவா. எதுக்கு அழுதிய மைனின்னா, தெரியலம்மா, தெரியலம்பா. எனக்கு அது பாக்க ஒக்கவே ஒக்காது, தாங்க முடியாது. உள்ள போயி மிஷின வேகமா மிதிப்பேன்.

நல்லா இருக்க நாளும் கொள்ளாம், நல்லதுக்குத்தான்னு சொல்ல முடியாது. ஒரு கிறிஸ்மஸுக்கு முன்னால நல்ல குஷியில இருந்தா. பெண்கள் சங்கத்துல எழும்பி, ‘பண்டிகைக்கு முந்திரிக்கொத்து பூரா நானே செஞ்சு தாறேன்’னு வாக்கு குடுத்துட்டா. பயறு வறுத்தாச்சு, சர்க்கரப் பாகும் காச்சியாச்சு. மறுநாள் லைன் போச்சு, ஆளு படுத்துட்டா. கடைசியில எவ உருட்டுனா, எவ பொரிச்சா? இந்தத் தையக்காரிதான். எண்ண தெறிச்சு கை பூரா கொப்புளம். நான் திட்டிக்கிட்டே பொரிக்கேன், அவ கட்டில்ல கெடந்து அதக் கேட்டுட்டே இருக்கா. அதுக்குப் பெறகு மைனி ஒரு சட்டம் போட்டா. குஷியா இருக்கையில யாருக்கும் வாக்கு குடுக்கப்பிடாது, வெப்ராளமா இருக்கையில எதையும் முடிவு பண்ணப்பிடாது. அந்தச் சட்டத்த அவ மீறி நான் பாக்கல.

வெப்ராளம்னா எங்க ஊருக்காரவுகளுக்குச் சொல்ல வேண்டாம். நெஞ்சுக்குள்ள காரணம் இல்லாம ஒரு பதட்டம், ஒரு எரிச்சல், இருந்தா நிக்கணும், நின்னா ஓடணும்னு வருமே, அதாக்கும். எங்களுக்கு உள்ள வார்த்தை அது ஒண்ணுதான். அத வச்சுக்கிட்டுத்தான் மைனி டாக்டரப் பாக்கப் போனா. கூட நானும் போனேன். பக்கத்துல ஒரு கிளினிக்கு, அங்க புதுசா வந்த டாக்டர் பிள்ள ஈரோட்டுப் பக்கம்.

“என்னம்மா செய்யுது?”

“வெப்ராளமா வருது டாக்டர்.”

அந்தப் பிள்ள ‘அப்படியா’ன்னு சொல்லி, தெர்மாமீட்டர எடுத்து மைனி வாயில வச்சிட்டு. வெப்பம்னு நெனச்சுட்டா போலிருக்கு. மைனியும் வாயில குழல வச்சுக்கிட்டு என்னப் பாக்கா, நான் மைனியப் பாக்கேன். சிரிப்ப அடக்க முடியல. “காய்ச்சல் இல்லையேம்மா”ன்னு பிள்ள சொல்லுதா. “காய்ச்சல் யாருக்கு இருக்கு? மனசுக்கில்லா தீனம்”னா மைனி. தீனம்னா நோவுன்னு நான்தான் எடுத்துச் சொன்னேன்.

அந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளதான். கூடச் சேந்து சிரிச்சுட்டு, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து கேட்டுது. எப்ப எழும்புவீங்க, ஒறக்கம் உண்டுமா, சாப்பாடு எறங்குதா, எந்த நேரத்துல கூடுதலா இருக்கு. ரெத்தம் எடுத்து தைராய்டு கீராய்டு எல்லாம் பாத்துது. “வயசாச்சுன்னா இப்படித்தான் இருக்கும்னு விட்டுறாதீங்கம்மா, இதுக்கு வைத்தியம் இருக்கு”ன்னு சொல்லி நாகர்கோவில்ல மனசுக்குப் பாக்க ஒரு டாக்டர்ட்ட அனுப்புச்சு. மைனி மாத்திரை குடிக்க ஆரம்பிச்சா. காலையில குளத்தங்கரை வரைக்கும் நடக்க ஆரம்பிச்சா. மாத்திரை புடிக்கதுக்கு நாளாச்சு. முதல்ல நாக்கு வறண்டுது, ஒறக்கமா வந்துது, விட்டுரலாமான்னு கேட்டா. “நீங்களா விடப்பிடாது, டாக்டருட்ட கேட்டுத்தான் விடணும்”னு நான் கத்துனேன். விடல.

அதுக்கு இடையிலதான் சபையில அது நடந்தது. மைனி பாடம் வாசிச்சுக்கிட்டு நிக்கா. அன்னைக்கு ஆராதனை நீண்டு போச்சு. எங்க சபைச் செயலாளர் அண்ணாச்சி முன் பெஞ்சுல இருந்து, சீக்கிரம் முடிங்கன்னு விரலச் சுத்திக் காட்டுனாரு. அவரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கையக் காட்டியே பழக்கப்பட்ட மனுசன். மைனி வாசிப்ப நிறுத்துனா. “நான் வாசிக்கையில எனக்கு நேர கையக் காட்டாதேயும்”னு மைக்குலயே போட்டா பாரு ஒரு சத்தம். ஸ்பீக்கர் ஊருக்கே சொல்லிச்சு. அண்ணாச்சி மொகம் வெளிறிப் போச்சு. அடுத்த மாசம் பாடம் வாசிக்கவுக பேரு போட்டப்ப மைனி பேரு இல்ல. அதுக்கடுத்த மாசமும் இல்ல. யாரும் ஒண்ணும் சொல்லல, அவளும் கேக்கல. ஆனா முறை வரவேண்டிய ஞாயித்துக்கெழம, இஸ்திரி போட்ட வெள்ளச் சேலைய உடுத்திட்டு வந்து பெஞ்சுல உக்காந்திருப்பா. அந்த மைக்கும் போனா இந்தப் பொம்பளைக்கு என்ன இருக்குன்னு நெனச்சு நான் அவ பக்கத்துல போயி இருப்பேன்.

எங்க சபையில ஒரு பழக்கம் உண்டு. ஆராதனை முடியதுக்கு முன்னால செயலாளர் ஜெபக் குறிப்பு சொல்லுவாரு. இன்னாரு காலு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்காரு, இன்னாருக்கு ஆப்பரேஷன், இன்னாரு மகளுக்குப் பிரசவ நேரம், ஜெபிச்சுக்கிடுங்க அப்படின்னு. மானக்கேடான தீனம்னா மட்டும் பேரச் சொல்ல மாட்டாவ. ‘ஒரு சகோதரன்’, ‘ஒரு சகோதரி’ன்னு போயிரும். குடிகாரனும் ஒரு சகோதரன்தான், கடன் வாங்கி ஓடிப்போனவனும் ஒரு சகோதரன்தான்.

அப்படி ஒரு ஞாயித்துக்கெழம அண்ணாச்சி எழும்பி, மனுசன் நல்ல மனசோடதான் சொன்னாரு, அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். “நம்ம சபையில டெலிபோன்ல வேல பாத்து ரிட்டயர்டு ஆன, கணவர இழந்த, மகன் துபாயில இருக்க, மனக்குழப்பத்துல உள்ள ஒரு சகோதரிக்காக ஜெபிச்சுக்கிடுவோம்” அப்படின்னாரு. பேர மட்டும் விட்டுட்டு கதவு நம்பர் வரைக்கும் சொல்லியாச்சு. முன் பெஞ்சுக்காரியளுவ பூரா கண்ண மூடிக்கிட்டு கழுத்த மட்டும் திருப்புதாளுவ.

எம்பக்கத்துல இருந்த மைனி எழும்புனா. நான் சேலையப் பிடிச்சு இழுத்தேன். கையத் தட்டிவிட்டா.

“அந்தச் சகோதரி நான்தான்.”

சத்தம் இல்ல, கோவம் இல்ல. எக்ஸ்சேஞ்சுல நம்பர் சொல்லுவாளே, அந்தக் கொரலு.

“காலு ஒடிஞ்சவுகளுக்குப் பேரு சொல்லுதிய. சுகர் உள்ளவுகளுக்குப் பேரு சொல்லுதிய. எனக்கு மட்டும் எதுக்குப் பேரு இல்லாமப் போச்சு? எனக்குக் குழப்பம் ஒண்ணும் இல்ல. மனசுக்குத் தீனம். மருந்து குடிக்கேன். பாதி சொகம் ஆயிருக்கு, மீதி ஆகல. என் பேரச் சொல்லியே ஜெபிங்க. இன்னொண்ணு, அண்ணாச்சி, அன்னைக்கு உங்களச் சத்தம் போட்டது தப்புதான். ஆனா மனசுக்குத் தீனம்னா பாடம் வாசிக்கத் தெரியாமப் போகாது.”

சொல்லிட்டு உக்காந்துட்டா. நான் அவ கையப் பிடிச்சுக்கிட்டேன். பாஸ்டர் ஐயாதான் கடைசியில எழும்பி, மைனி பேரச் சொல்லி, கண்ண மூடி ஜெபிச்சாரு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஜெபத்துல ஒரு வார்த்தையும் காதுல விழல. எம்புட்டுத் தைரியம் இவளுக்குன்னு நெஞ்சு நெறஞ்சு போயி இருந்தேன்.

சாயந்தரத்துக்குள்ள சங்கதி துபாய்க்குப் போயிட்டு. மகன் போன்ல விட்டான் ஒரு பாட்டு. மானம் போச்சாம். ஊருல அவன் தலை காட்ட ஒக்காதாம். மாத்திரை குடிக்கத வீட்டுக்குள்ள வச்சுக்கிட வேண்டியதுதானேன்னு கேக்கான். மைனி பூராவும் கேட்டா. “நீ இப்ப கோவத்துல இருக்கியா மக்கா, கோவம் ஆறுன பெறகு கூப்பிடு”ன்னு வச்சுட்டா. வச்ச பெறகு அழுதா. எங்க போயி அழுவா, என் மிஷினு பக்கத்துல வந்துதான். நான் தச்சுக்கிட்டிருந்த ரவிக்கைத் துணியிலயே மூக்கச் சிந்திட்டா. “மைனி, அது சங்கத்துத் தலைவியோட ரவிக்கை”ன்னேன். அழுதுட்டே சிரிச்சா.

அடுத்த மாசம் பாடம் வாசிக்கவுக பேருல மைனி பேரு இருந்துது. செயலாளர் அண்ணாச்சி வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. மன்னிப்பு எல்லாம் கேக்கல, ஹெட்மாஸ்டர் இல்லையா, வந்து உக்காந்து மழையப் பத்திப் பேசி, கடைசியில போற போக்குல சொல்லிட்டுப் போனாரு.

ஆனா பாருங்க, அந்த ஞாயித்துக்கெழம பாத்து லைன் போச்சு. காலையில போனா மைனி சேலைய உடுத்திட்டு கட்டில் ஓரத்துல அப்படியே இருக்கா, மொகத்துல ஒரு தெளிச்சி இல்ல.

“மைனி, இன்னைக்கு வேண்டாம். நான் அண்ணாச்சிட்ட சொல்லுதேன்.”

“முன்ன அவிய என் பேர வெட்டுனாவ. இன்னைக்குப் போகலன்னா நானே வெட்டுன மாதிரி இல்லையாட்டி?”

போனா. மைக்கு முன்னால நின்னா. நல்லாத்தான் ஆரம்பிச்சா. நடுவுல எங்கயோ கொரலு தேஞ்சுது. நின்னுது. நான் பெஞ்சுப் பலகையப் பிடிச்சுக்கிட்டேன். இவளப் போயி மறுபடி மைக்குட்ட விட்டாவளேன்னு நாளைக்கு பேச்சு வரும், இத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மைனி தலைய நிமித்துனா. “இதுக்கு மேல இன்னைக்கு எனக்கு ஒக்காது. செயலாளர் அண்ணாச்சி, மிச்சத்த நீங்க வந்து வாசிச்சிருங்க.”

அண்ணாச்சி போனாரு. போன வேகத்துல கண்ணாடிய பெஞ்சுலயே வச்சுட்டுப் போயிட்டாரு. மைனி தன் கண்ணாடியக் கழத்திக் குடுத்தா. அது அவருக்கு எப்படிச் சேரும்? புத்தகத்த கிட்டக் கொண்டு போறாரு, தள்ளிப் புடிக்காரு, ஒரு எழுத்தும் தெரியல. அந்தப் பாடத்துலயா, பூராவும் இன்னார் மகன் இன்னார்னு வம்சப் பேரு. மைனி எறங்கிப் போகல. அவரு பக்கத்துலயே நின்னு, அவளுக்குத்தான் அதெல்லாம் மனப்பாடமாச்சே, ஒவ்வொரு பேரா மெள்ளச் சொல்லிக் குடுக்கா. அவரு அத மைக்குல ஒரக்கச் சொல்லுதாரு. ஹெட்மாஸ்டர் வாய்ப்பாடு ஒப்பிக்கத மாதிரி இருந்துது. ரெண்டு பேருமாச் சேந்து பாடத்த முடிச்சாவ. யாரும் சிரிக்கல, சிரிக்க வேண்டிய எடமா இருந்தாலும்.

அன்னையில இருந்து எங்க சபையில பாடம் வாசிக்க ரெண்டு பேரு போடுவாவ. முதல் ஆளுக்கு முடியலன்னா ரெண்டாவது ஆளு. தொண்ட கட்டுனவுக, கண்ணுல பொர விழுந்தவுக, புருசன் செத்த பெறகு முதல் தடவ சபைக்கு வந்தவுக, எல்லாருக்கும் அது ஒத்தாசையாப் போச்சு. வெளியூருல இருந்து வாறவுக கேட்டா நாங்க காரணத்தச் சொல்லுவோம். மைனிக்கு அதுக்கப்புறமும் எத்தனையோ நாளு லைன் போயிருக்கு. மாத்திரைய டாக்டர் கூட்டவும் கொறைக்கவும் செஞ்சாரு. பூராச் சொகம் அவளுக்கு வரவே இல்ல. ஆனா நல்ல நாளு கூடிக்கூடி வந்துது, கெட்ட நாளப் பாத்து அவ பயப்படுதது கொறஞ்சுது. ஜெபக் குறிப்புலயும் ‘ஒரு சகோதரி’ பைய நின்னு போச்சு. ஒறக்கம் வரல, மனசு சரியில்லன்னு அவங்கவங்க பேரோட குடுக்க ஆரம்பிச்சாவ.

போன மழைக்காலத்துல மைனி போயிட்டா. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அந்த மாசமும் பாடம் வாசிச்சிருந்தா. மகன் துபாயில இருந்து வந்தான். எங்கள்ல அடக்க ஆராதனையில வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கது வழக்கம். பொறந்தது, படிச்சது, வேல பாத்தது, பிள்ளைக எத்தன, அப்படின்னு. அவனே வாசிக்கேன்னு சொன்னான். போறதுக்கு முன்னால என்கிட்ட வந்து நின்னான்.

“அத்தை, அதயும் சொல்லட்டா, வேண்டாமா?”

எதச் சொல்லுதான்னு எனக்குத் தெரியும். “உங்கம்மை யாருட்டயும் கேட்டுட்டுச் சொல்லல மக்கா”ன்னேன்.

மைக்குட்டப் போனான். எழுதிக் கொண்டு வந்தத வாசிச்சான். வேலைக்குச் சேந்தது வந்துது, ரிட்டயர்டு ஆனது வந்துது, அண்ணன் செத்தது வந்துது. தாள மடக்குனான். மடக்கிட்டு எறங்காம நின்னான். பெட்டியப் பாத்துட்டே சொன்னான்.

“எங்க அம்மைக்கு மனசுக்குத் தீனம் இருந்துது. மருந்து குடிச்சா. கடைசி மாசம் வரைக்கும் இந்த மைக்குல பாடம் வாசிச்சா.”

முன் பெஞ்சுல இருந்து செயலாளர் அண்ணாச்சி எழும்புனாரு.

“பேரச் சொல்லிச் சொல்லு மக்கா.”

அவன் பேரச் சொல்லி, முதல்ல இருந்து திரும்பச் சொன்னான்.